துரை சிலைக்குத் துணி எடுத்தவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக இல்லை. இதை வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம தம்பி நம்மளப் பத்தி எழுதியிருக்கான் பாருங்க" என்று காட்டிச் சந்தோஷப்படுவார். அதை நினைத்தால் எழுதக் கை வரவில்லை. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கேயும் அண்ணாச்சியாகவே இருக்கட்டும்.

ஆழ்வார்பேட்டையில் அவருக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருந்தது. ரவிக்கைத் துணி, லைனிங், புடவை ஃபால்ஸ், பாவாடை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்னால் நகர்ந்தாக வேண்டிய கடை. சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள். பச்சையில் மட்டும் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை என்று ஒரு வரிசை போகும். எந்தப் புடவையைக் கொண்டுவந்தாலும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு ஸ்டூலில் ஏறி ஒரு சுருளை உருவுவார்.

எனக்குப் பட்டமளிப்பு விழா வந்தபோதுதான் அந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த விழாவுக்கென்று அம்மா வாடாமல்லி நிறத்தில் ஒரு புடவை வாங்கியிருந்தாள். அதற்கு ரங்கநாதன் தெருவில் ரவிக்கைத் துணியும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் புடவை ஒரு பக்கம் போனது, துணி ஒரு பக்கம் போனது. அம்மா அழாத குறை. அவள் வேலை செய்கிற வீட்டுக்காரம்மா ஒருத்திதான் அண்ணாச்சி கடையைச் சொன்னாள்.

அண்ணாச்சி இரண்டு துணிகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கினீங்க, எவ்வளவு" என்றெல்லாம் கேட்கவில்லை. புது சுருளிலிருந்து ஒரு முழத்தை இழுத்துப் புடவை மேல் போட்டார். என் கண்ணுக்கு அச்சாகச் சேர்ந்திருந்தது. அம்மாவும் தலையாட்டினாள். அவர் ஆட்டவில்லை.

"வெளிய வாங்கம்மா."

"இன்னாத்துக்கு? இங்கியே நல்லாத்தானே கீது."

"டியூப்லைட்டுக்கு எல்லாம் அக்கா தங்கச்சிதாம்மா. வெயில்ல வந்து நின்னாத்தான் யாரு யாருன்னு தெரியும். வாங்க."

நடைபாதையில் நின்று இரண்டையும் விரித்துப் பிடித்தார். மதிய வெயில். புடவையில் ஊதா ஏறியது, துணியில் சிவப்பு ஏறியது. "சேராது" என்றார். உள்ளே போனார், இன்னொரு சுருளோடு வந்தார். "சேராது." இப்படி நாலைந்து தடவை. கடைசியில் ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாமல் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்மணி கிட்டே வந்து தொட்டுப் பார்த்து, "ஒரே தறியா?" என்று கேட்டார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "அவரு நல்ல மனுசன் நைனா. விக்கணும்னு பாக்கல, பாரு."

அந்தச் 'சேராது'தான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே மறுப்பு. அதுவும் துணிக்கு. மனிதர்களுக்கு அவர் வைத்திருந்த சொல் வேறு. "செஞ்சிருவோம்."

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து தலை நரைத்த பிறகும் 'சொல்லுதேன்', 'பாக்கேன்' மாறவில்லை. மின் கம்பியில் கிளை உரசுகிறது என்று யாராவது வந்து நின்றால், "செஞ்சிருவோம்". பேத்திக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்றால், "செஞ்சிருவோம்". மாதா கோயில் திருவிழாவுக்குத் தேர்த்துணி, பங்குனி உற்சவத்துக்கு மோர்ப்பந்தல், இரண்டுக்கும் அதே சொல்தான். இதில் பாதியைச் செய்தும் விடுவார். மீதிப் பாதி நடக்காவிட்டாலும், கேட்டு வந்த ஆள் அவர் மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் நம் கையைப் பிடித்துக்கொள்வார். கை வெதுவெதுப்பாக இருக்கும். வேலை அப்போதே முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதியோடு படி இறங்குவோம்.

ஒரு தை மாதம் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். இரண்டு வீட்டுக்காரர்களும் ஜென்மப் பகையாளிகள். இரண்டு பேருக்கும் "சாப்பிடாம போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு இடத்திலும் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டாவது இடத்தில் சாம்பாரை மறுபடி கேட்டு வாங்கினார் என்று அந்த வீட்டுக்காரர் ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தார். மாமியார் காலையில் வந்து மருமகளின் ஜன்னல் வைத்த ரவிக்கையைப் பற்றிப் புலம்புவாள். "நீங்க சொல்லுததுதாம்மா சரி" என்பார். மருமகள் சாயங்காலம் வருவாள், அவளிடமும் அதேதான். தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் அண்ணாச்சி ஓட்டு நமக்குத்தான் என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கு இதெல்லாம் அப்போது வேடிக்கையாக இருந்தது. இவ்வளவு பேரை நோகாமல் வைத்திருக்க ஒரு மனிதரால் முடிகிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அவர் கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த மேரியக்காதான் ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அவரு யாருக்கும் முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லப்பா. எனக்கு அதான் பயமாக் கீது." நான் சிரித்தேன்.

இனி துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் வசதியானவர்கள் குடியிருக்கிற நகர் தொடங்குகிறது. அதன் முக்கில் வெண்கலத்தில் ஒரு வெள்ளைக்காரர். அந்த நகரை உண்டாக்கியவர். நீளக் கோட்டு, இடது கையில் சுருட்டிய தாள். பையன்கள் 'சுருள் துரை' என்பார்கள். துரை கப்பலேறிப் போன பிறகு நகர்வாசிகள் நன்றிக்காக வைத்த சிலை அது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் யாரோ முகத்தில் தார் பூசினார்களாம். எல்லாம் துடைத்த பிறகும் ஒரு காதுமடலில் கறுப்பு மிச்சம் இருந்தது. அந்தக் காதைப் பற்றி அண்ணாச்சி இரண்டு விதமாகச் சொல்வார். நகர்ப் பெரியவர்கள் கடையில் இருந்தால், "கடவுள் மாதிரி மனுசன் மேல தாரு பூசியிருக்கானுங்க, கேட்டீங்களா." கட்சிக்காரர் யாராவது இருந்தால், "பூசினது நம்ம ஆளுதான். முகத்துல பூசினவன் நெஞ்சுலயும் பூசியிருக்கலாம்." இரண்டையும் நான் ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறேன். அதையும் வேடிக்கைக் கணக்கில்தான் சேர்த்தேன்.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிலையோடு வேறொரு பழக்கம். கால்வாய் ஓரத்துக் குடிசை மாற்று வாரிய வீடுகளில் இருப்பவர்கள் நாங்கள். அதற்கு முன்னால் எங்கள் முப்பாட்டன் காலத்தில் சிப்பிமேடு என்று ஒரு ஊராக இருந்தோம். சிப்பி பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பு விற்ற ஊர். துரை நிற்கிற அதே இடத்தில்தான் எங்கள் அம்மன் இருந்தாளாம். அதனால் ஆடி மாதம் எங்கள் பெண்கள் கூழ்ப்பானையோடு அந்த முக்குக்குத்தான் வருவார்கள். முதல் குவளை பீடத்தின் காலடியில். பிறகு நடைபாதையில் யார் வந்து கை நீட்டினாலும் ஊற்ற வேண்டும். அன்றைக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது.

அதோடு ஒரு நம்பிக்கையும் இருந்தது. துரை கையில் இருக்கிற சுருள் எங்கள் ஊருக்கான பட்டா. கொடுப்பதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கிழவிகள் அண்ணாந்து பார்த்து, "இந்த வருசமாவது குட்த்துரு துரை" என்று உரிமையோடு கேட்பார்கள். அம்மாவும் கேட்டிருக்கிறாள். சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன்.

எம்.ஏ. வரலாறு சேர்ந்த பிறகு, பழைய நில வரைபடங்களைப் பார்க்கிற வாய்ப்பு வந்தது. ஒரு படத்தில் அந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள், பக்கத்தில் சூளைகள். அதற்கடுத்த படம் துரை வரைந்தது. நேர்கோட்டுத் தெருக்கள், இருபக்கமும் மரங்கள். கட்டங்கள் இல்லை. சிலையின் கையில் இருப்பது அந்த இரண்டாவது படம் என்று சிலை திறந்தபோது எழுதிய குறிப்பும் கூடவே இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்போ பட்டா இல்லியா அது?"

"இல்லம்மா. நம்மள எடுத்துட்டுப் போட்ட பிளான்."

"இத்தினி வருசமா அவனுக்கா கூழு ஊத்திகினு இருந்தேன்?"

களைந்த தண்ணீரைக் கொட்டினாள். பிறகு சொன்னாள்: "சரி, போவட்டும். பட்டா வோணாம், ஒண்ணியும் வோணாம். நாங்க இங்க இருந்தோம்னாவது அந்தக் கல்லுல எழுதச் சொல்லு. நீதான் படிச்சிருக்கியே."

கேட்பதற்குச் சமயமும் வாய்த்தது. மெட்ரோ ரயில் வேலைக்காகச் சிலையைக் கழற்றியிருந்தார்கள். மாநகராட்சிக் கிடங்கில் தார்பாய் போர்த்தி மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். வேலை முடிந்ததும் புதுப் பீடத்தில் நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது. அதை முன்னின்று நடத்தியது நகர்ச் சங்கத்தின் செயலாளர். யாரும் ஏற்றுக்கொள்ளாத அந்தப் பதவியை ஏற்றிருந்தவர், வேறு யார், அண்ணாச்சிதான்.

நான் போனபோது ஆள் வராத வேளை. நான் சொல்லச் சொல்ல ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். சிப்பிமேடு, சூளை, கூழ், அம்மா கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் வாடிக்கையாளர் ஒருத்தி வந்தாள். "செத்த நேரம் கழிச்சு வாம்மா" என்று அனுப்பினார். அவர் கடையில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, பீடத்துக்குத் தமிழ்ல வாசகம் எழுத ஆள் தேடிட்டு இருக்கேன். நீயே எழுது."

"நானா?"

"உன்ன விட்டா யாரு? துரையப் பத்தியும் நாலு வார்த்தை நல்லா எழுது. பெரியவங்க மனசு நோகக்கூடாதுல்லா. கடைசில உங்க ஊரப் போடு."

நேர்மையாக எழுத வேண்டும் என்று ராத்திரி பகலாக உட்கார்ந்தேன். மழைத் தண்ணீருக்கு அவர் விட்ட வழியையும் நட்ட மரங்களையும் எழுதினேன். அது உண்மைதானே. கடைசியில் எங்கள் வரி: 'இந்நகருக்கு முன் இங்கே சிப்பிமேடு என்ற ஊர் இருந்தது.'

அண்ணாச்சி அதை வாய்விட்டுப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. இன்றைக்கும் அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வரி இல்லாம அந்தக் கல்லு நிக்காது தம்பி."

"சங்கத் தலைவர் ஒத்துக்குவாரா அண்ணாச்சி?"

"செஞ்சிருவோம்."

தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பஸ் போர்டுகளை உருவம் வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள். "அதே மாதிரி நம்ம ஊரு பேர எழுதிக் காட்டு. நானே கல்லுல பாத்துக்கறேன்" என்றாள். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சிப்பிமேடு. விரலால் அதன் மேலேயே போய்ப் போய் வந்தாள். "இந்தக் கடைசில மேல வளைஞ்சுகினு போவுதே, அதான் அடையாளம்" என்றாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பதிலும் அண்ணாச்சியின் கைவண்ணம் தெரிந்தது. எங்கள் பெண்களுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். நகர்ப் பெரியவர்களுக்கு ஆடியில் எதுவும் ஆகாது. அந்த வருடம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. "பதினெட்டாம் பெருக்கைவிட நல்ல நாளு ஏது?" என்று இரண்டு பக்கத்தையும் தலையாட்ட வைத்துவிட்டார்.

அடுத்து, சிலையை மூடத் துணி. இதில்தான் பெரிய ரகளை. எந்த நிறத்தைச் சொன்னாலும் அது ஏதோ ஒரு கட்சியின் நிறமாக இருந்தது. சிவப்பு ஆகாது, கறுப்பு ஆகாது, மஞ்சள் ஆகாது, பச்சை, காவி எதுவும் ஆகாது. வெள்ளை போட்டால் பிணம் மாதிரி இருக்கும் என்றார் தலைவர். அண்ணாச்சி கடைச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஸ்டூலில் ஏறினார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுருளை உருவினார். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் பச்சை, அந்தப் பக்கம் போனால் நீலம், மடிப்பில் ஒரு ஊதா.

"இது எந்த கலரு?" என்றார் தலைவர்.

"உங்களுக்கு எது தெரியுதோ அது சார்."

மேரியக்கா மிஷினில் உட்கார்ந்து அதைத் துரையின் அளவுக்கு மூட்டினார். "ஜாக்கெட்டு தைக்கிற கையி, வெள்ளைக்காரனுக்குப் பாவாட தெச்சிகினு கீது" என்று ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். அந்தத் துணி ஆளுக்கொரு நிறம் காட்டிய மாதிரி அவரும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பீடம் கட்டி முடிந்தது. கல்லைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். "கல்லு மகாபலிபுரத்துல வேலைல இருக்கு" என்றார். பிறகு, "பாலிஷுக்குப் போயிருக்கு." பிறகு, "ஒட்டியாச்சு தம்பி, மூடியாச்சு, இப்ப தூக்கிப் பாத்தா சகுனம் சரியா இருக்காது." ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துக்கொண்டார்.

விழா அன்றைக்கு அம்மா அந்த வாடாமல்லிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பெண்கள் கூழ்ப்பானையோடு ஒரு ஓரமாக நின்றார்கள். நாதஸ்வரம் இருந்தது. நகர்ப் பெரியவர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடையை மூடிவிட்டு, அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் அங்குமிங்கும் ஓடி எல்லாருக்கும் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் கயிற்றை இழுத்தார். மயில்கழுத்துத் துணி சரசரவென்று வழுக்கி விழுந்தது. கைதட்டினார்கள். துரை அப்படியேதான் இருந்தார். காதுக் கறுப்பு மட்டும் இல்லை, பாலிஷ் போட்டிருந்தார்கள். பீடத்தைச் சுற்றி இடுப்பளவுக்குக் கம்பித் தடுப்பு.

கூட்டம் போட்டோ எடுத்து விலகியதும் அம்மா முன்னால் போனாள். தடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லைப் பார்த்தாள். தமிழ் எழுத்துகள் மேல் அவள் விரல் காற்றில் நகர்ந்தது. மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"நைனா, உன் பேரு கீதுடா!"

கீழே, சின்ன எழுத்தில், 'தமிழ் வாசகம்' என்று போட்டு என் பெயர், பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று. பட்டச் சான்றிதழில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த உருவம் பழகியிருந்தது.

"உன் பேரு கீது. நம்ம ஊரு எங்க? அந்த வளைவக் காணோமே."

நான் அதற்குள் படித்து முடித்திருந்தேன். மற்றப் பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "படிச்சிச் சொல்லுப்பா, நீ எழுதுனதாமே" என்றாள் ஒருத்தி. படித்தேன். வேறு என்ன செய்வது? 'ஆளற்றுக் கிடந்த இச்சதுப்பு நிலத்தில் தெருக்களை வகுத்தவர். மழைநீருக்கு வழியும் மரங்களுக்கு இடமும் விட்டவர்.' தெரு, மழை, மரம் எல்லாம் என் வார்த்தைகள். கடைசி வரி இல்லை. முதல் இரண்டு வார்த்தைகள் என்னுடையவை இல்லை.

"ஆளற்றுன்னா இன்னா?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லாம."

"இங்கியா?"

"ஆமாம்மா."

"இத்தயா நீ எழுதுன?"

"நான் எழுதலம்மா. அது—"

"உன் பேரு போட்டுக் கீதே."

பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி துரையின் கையில் இருந்த சுருளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு வசவு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கையில் லட்டுத் தட்டு. "அக்கா! பாத்தீங்களா? உங்க புள்ள பேரக் கல்லுல ஏத்திட்டேன்! நூறு வருசத்துக்கு அழியாது!" அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதில் ஒரு சொட்டுக் கள்ளம் இல்லை.

அம்மா கூழ்ப்பானைப் பக்கம் திரும்பினாள். பீடத்தின் காலடி தடுப்புக்கு உள்ளே இருந்ததால் முதல் குவளையைக் கம்பிக்கு வெளியே மண்ணில் ஊற்றினாள். வருடா வருடம் வாங்கிக் குடிக்கிற வழக்கத்தில் அண்ணாச்சி தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை நீட்டினார். அன்றைக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாதே. ஊற்றினாள். அவர் குடித்துவிட்டு, "என்ன ருசி அக்கா, வெங்காயம் இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். கொடுத்தாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். தள்ளுபடிக் கூட்டம். என்னைப் பார்த்ததும், "தம்பிக்கு டீ சொல்லு" என்றார்.

"அந்த வரி எங்க அண்ணாச்சி?"

"அத ஏன் கேக்க. அந்த வரி இருந்தா கல்லே வேண்டாம்னுட்டாரு தலைவரு. இடத்துக்கு நாளைக்கு யாராவது கேஸு போட்டா என்ன செய்யன்னு பயப்படுதாரு. நான் விடுவேனா? எங்க தம்பி பேராவது வரணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கியிருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வருத்தப்படுவ. விழா நேரத்துல எதுக்கு?"

"ஆளற்றுன்னு போட்டது?"

"வரிய எடுத்ததும் கல்லுல இடம் காலியாக் கிடந்துச்சு. தலைவரு ஒரு வார்த்தை சொன்னாரு, மேல சேத்து எல்லாத்தையும் கீழ இறக்கிட்டோம். நல்ல தமிழ்தான தம்பி?"

கத்த வேண்டும் என்று வந்திருந்தேன். கூட்டத்தில் நாலைந்து பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிப் போயிற்று.

"கொஞ்சம் வெளிய வாங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"வெளிய வந்து, எங்க ஊரு இல்லன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். வெயில் படி வரை வந்திருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். "என்னா வெயிலு தம்பி. உள்ள உக்காரு, பேசுவோம்."

"என் பேரையாவது எடுத்துருங்க."

எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே வெதுவெதுப்பு.

"செஞ்சிருவோம்."

பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நகர் முக்கு வழியாகப் பேருந்து போகும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. முன்பெல்லாம் மனு எழுத என்னைத் தேடி வருவார்கள், இப்போது வருவதில்லை.

போன மாதம் தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுத்தோம். ரவிக்கைத் துணிக்கு அம்மா தனியாகக் கிளம்பிப் போனாள். திரும்பி வந்து பையைப் பிரித்தபோதுதான் கடைப் பெயர் அச்சிட்ட கவரைப் பார்த்தேன்.

"அங்கயா போன?"

"வேற எங்க போவச் சொல்ற? துணிக்கு அவன் பொய் சொல்ல மாட்டான்."

'அவரு' போய் 'அவன்' வந்து வெகு நாளாகிவிட்டது.

"உன்ன விசாரிச்சான். பேர எடுக்கறதப் பத்திச் சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி முனைக்குப் போனேன். அங்கேதான் எங்கள் வீட்டில் வெயில் விழும். இரண்டையும் விரித்துப் பிடித்தேன். திருப்பிப் பிடித்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து ஒரு குற்றம் தேடினேன்.

அச்சாகச் சேர்ந்திருந்தது.